பீஜானுக்குக் கொடுத்திருந்தால்

ஜான்ஸ் க்ரீக்
10 செப்டம்பர் 2024

அன்புள்ள அரவிந்துக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னைப் பேசவே விடவில்லை. "அம்மா, ஆளையே அரிசோனாவுக்கு அனுப்பியாச்சு, இன்னும் ரிட்டருக்கு வக்காலத்தா?" என்று சிரித்தாய். போன வருஷம் நம் அட்லாண்டாவின் அமெரிக்க ஃபுட்பால் அணி ஃபால்கன்ஸுக்குப் பந்து எறிகிற குவார்ட்டர்பேக்காக இருந்த ரிட்டருக்கு நான் பரிந்து பேசுவது உனக்குக் கேலி. நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். அப்பாவிடம் புலம்பினேன். "எழுதி அனுப்பு, அப்பத்தான் குறுக்கே பேசமாட்டான்" என்றார். அதனால் பருப்புப்பொடி பார்சலோடு இதுவும் வருகிறது. பொடியில் இந்தத் தடவை பூண்டு கொஞ்சம் தூக்கல், பார்த்துப் போட்டுக்கொள்.

ஞாயிறு மேட்சை நானும் அப்பாவும்தான் பார்த்தோம். சோபாவில் உன் மூலையில் இப்போது மடிக்காத துணி மூட்டை உட்கார்ந்திருக்கிறது. நீ பிட்ஸ்பர்க் போய் மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் சீசனின் முதல் மேட்சே உன் ஊர் ஸ்டீலர்ஸுக்கும் என் ஊர் ஃபால்கன்ஸுக்கும். அதிலும் அந்தப் பக்கம் ஆட்டத்தை வகுத்துக் கொடுப்பவர் நம் பழைய ஆர்தர் ஸ்மித். இங்கே மூன்று வருஷம் தலைமை கோச்சாக இருந்து ஜனவரியில் வேலை போனவர், ஸ்டீலர்ஸுக்கு ஆஃபென்ஸ் கோச்சாக அட்லாண்டாவுக்கே திரும்பி வருகிறார். அந்தப் பக்கம் பந்து எறிந்தவனோ இங்கே கென்னஸாவில் பள்ளிக்கூடம் படித்த ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். 2021 டிராஃப்டில், கல்லூரிப் பையன்களை அணிகள் முறைவைத்து எடுக்கும்போது, நாலாவது இடத்தை வைத்துக்கொண்டு ஃபால்கன்ஸ் அவனை விட்டுவிட்டு கைல் பிட்ஸை எடுத்தபோது, நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா? என்னமோ நான்தான் எடுத்த மாதிரி.

18-10. உன் ஸ்டீலர்ஸ் பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் ஒரு டச்டவுன்கூட போடவில்லை. அந்த பாஸ்வெல் மும்மூன்று புள்ளியாக ஆறு ஃபீல்ட் கோல் உதைத்தே ஜெயித்துக் கொடுத்துவிட்டான். எங்கள் பக்கம் ஒரே ஒரு டச்டவுன், அதைப் பிடித்தவன் அந்த கைல் பிட்ஸ்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் முழுக்க இந்த ஊரே இரண்டு கோஷம்தான் போட்டது. "ரிட்டரை உட்கார வை" என்று ஒன்று, "பீஜானுக்குப் பந்தைக் கொடு" என்று ஒன்று. பீஜான் அந்த வருஷம்தான் பந்தோடு ஓட வந்த பையன். கிளினிக்கில் திங்கட்கிழமை காலையில் வேறு பேச்சே கிடையாது. பல் பிடுங்க வந்தவர் ஒருவர், பாதி வாய் மரத்துப்போய், பஞ்சைக் கடித்துக்கொண்டு, "ஈயான்... ஈயான்..." என்றார். வலிக்கிறதாக்கும் என்று டாக்டரைக் கூப்பிடப் போனேன். அவர் பீஜான் என்கிறார். வரவேற்பறை டிவியில் அந்தத் தம்பா மேட்சைப் போட்டுப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மேட்சை நீ மறந்திருக்கமாட்டாய். அக்டோபர் 22. எட்டாவது இடத்தில் எடுத்த பையன், மாநிலமே கொண்டாடுகிற ஓட்டக்காரன், அன்றைக்கு மொத்தமாக ஒரே ஒரு தடவை பந்தோடு ஓடினான். 3 கஜம். நீ போனில் ஆடும் ஃபேன்டசி கற்பனை அணியில் அவன் பெயருக்கு எதிரே 0.3 என்று வந்ததை எனக்குக் கொண்டுவந்து காட்டினாய். போன் பழுதா என்றுகூடக் கேட்டேன். மேட்ச் முடிந்த பிறகுதான் ஸ்மித் அவனுக்கு உடம்பு சரியில்லை என்றார், அவன் தலைவலி என்றான். முன்கூட்டியே சொல்லவில்லை என்று லீக் அணிக்கு 75,000 டாலரும் ஸ்மித்துக்கு 25,000 டாலரும் அபராதம் போட்டது. ஒரு தலைவலிக்கு ஒரு லட்சம் டாலர் என்று அப்பா ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அதே மேட்சில் ரிட்டர் செய்ததும் இருக்கிறது. மூன்று தடவை பந்தைத் தவறவிட்டான், மூன்றும் எதிராளிக்குப் போனது, மூன்றும் கோட்டுக்குப் பக்கத்தில். அதில் ஒன்றை என்னால் இப்போதும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. அவனே ஓடி, கோட்டைத் தாண்டப் பாய்கிறான், தம்பாவின் வின்ஃபீல்ட் பின்னாலிருந்து வந்து பந்தை ஒரு தட்டு தட்டுகிறான், அது கோட்டுக்கு அப்பாலுள்ள எண்ட் ஸோனுக்குள் உருண்டு வெளியே போய்விடுகிறது. பந்தும் போச்சு, புள்ளியும் போச்சு. இத்தனைக்கும் அன்றைக்கு ஜெயித்தோம், நம் உதைப்பாளர் கூ கடைசி நொடியில் உதைத்த ஃபீல்ட் கோலில், 16-13. ஜெயித்த மறுநாள் இழவு வீடு மாதிரி இருந்த ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நீ அப்போதும் இப்போதும் சொல்வது, தப்பு கோச்சுடையது என்று. நான் சொன்னது, பையனுக்கு இன்னும் நாள் கொடுக்கவேண்டும் என்று. இப்போது யோசித்தால் நாம் இருவரும் ஒரே மாட்டின் இரண்டு கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்மித்துக்கு ஓட்டக்காரனை வைத்து ஆடத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. டென்னஸியில் டெரிக் ஹென்ரி 2020-இல் 2,027 கஜம் ஓடியது அவர் வகுத்துக் கொடுத்த ஆட்டத்தில்தான். போன வருஷம் இங்கேயும் அவர் ஓடவிடாமல் இல்லை. பீஜான் 214 தடவை, இன்னொரு ஓட்டக்காரன் ஆல்ஜியர் 186 தடவை. கூட்டிப் பார், 400. கோஷம் போட்டவர்கள் யாரும் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. ஓடியது குறைவு இல்லை, பங்கு பிரித்த விதம்தான் அவர்களுக்கு ஆத்திரம். ஆனால் ஆல்ஜியரும் முந்தின வருஷம், தன் முதல் வருஷத்திலேயே, 1,035 கஜம் ஓடியவன். பாவம், நன்றாக வேலை செய்கிற பிள்ளையைப் புதுசாக ஒருத்தன் வந்தான் என்பதற்காகப் பட்டினி போடமுடியுமா? இதில் நான் ஸ்மித் கட்சி.

ரிட்டர் விஷயத்தில் அவர் கட்சி இல்லை. ரிட்டர் சின்சினாட்டியில் படித்தபோது சொந்த மைதானத்தில் ஒரு மேட்ச்கூட தோற்காதவன். 2022-இல் மூன்றாவது சுற்றில் எடுத்தார்கள். அவ்வளவு பின்னால் எடுத்தவனிடம் அடுத்த வருஷமே முழு அணியையும் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, தப்பு பண்ணாதே, தப்பு பண்ணாதே என்று ஒளித்து ஒளித்து ஆடவைத்தார்கள். குட்டிக் குட்டி எறிதல், முன்பாதி முழுக்க ஜாக்கிரதை. பின்பாதியில் புள்ளி பின்தங்கி, மூன்றாவது முயற்சி, இன்னும் 9 கஜம் வேண்டும், இப்போது எறி என்றால் எங்கே எறிவான்? எதிரே ஆறு பேர் எறியத்தான் போகிறான் என்று தெரிந்து பின்னால் இறங்கி நிற்கிறார்கள். பீஜான் அந்த நேரத்தில் களத்தில் நின்றால்கூட யாரும் அவனைப் பார்ப்பதில்லை.

அதையே முதல் முயற்சியில், கோட்டுக்குப் பக்கத்தில் செய்திருந்தால்? பீஜான் கையில் பந்தைக் கொடுப்பதுபோல் காட்டினாலே முன்வரிசையில் இரண்டு பேர் அவன் பக்கம் சாய்வார்கள், அந்த இடைவெளியில், பந்து பிடிக்கிற ட்ரேக் லண்டனுக்கு ஒரு எறி. நீதான் எனக்குச் சோபாவில் ரிமோட்டையும் மூக்குக் கண்ணாடியையும் வைத்துச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. ரிமோட் பீஜான், கண்ணாடி லண்டன். பிறகு கண்ணாடி மேலேயே உட்கார்ந்தாய்.

லண்டன் என்றதும் அந்த வெம்ப்ளி மேட்ச் ஞாபகம் வருகிறது. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு, இட்லித் தட்டோடு பார்த்தோமே. பீஜான் 14 தடவை ஓடி 105 கஜம் எடுத்தான். ரிட்டர் எறிந்ததை எதிராளி பிடித்துக்கொள்ள, அடுத்தடுத்து இரண்டு இன்டர்செப்ஷன் கொடுத்தான், ஒன்றை அப்படியே ஓடி டச்டவுன் போட்டுவிட்டார்கள், 23-7 என்று தோற்றோம். அன்றைக்கு நீ, "ஏழு கஜத்துக்கு மேல ஓடுறவன்மா, பதினாலு தடவைதான் கொடுத்தாங்க" என்றாய். நான், "பதினாலு நாள் லீவு எடுத்தவன் மாதிரி எறிகிறானே, அவனுக்கு யாராவது ஏதாவது சொல்லிக்கொடுக்கிறார்களா" என்றேன். அப்பா சட்னியை நகர்த்தி வைத்துவிட்டு, "நல்ல ஓபனரை எட்டாவதா இறக்குறாங்க, கத்துக்குட்டியை ஓபனிங் அனுப்புறாங்க, அவ்வளவுதான்" என்றார். கிரிக்கெட்டைத் தவிர எதுவும் பார்க்காத மனிதர், நம் இருவரையும்விடச் சரியாகச் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. அவரிடம் சொல்லிவிடாதே.

பதினாறு வயதில் உனக்கு கார் கற்றுக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? ஜிஏ-400 நெடுஞ்சாலை நுழைவில் நீ தயங்கித் தயங்கி நிற்பாய். பக்கத்தில் உட்கார்ந்து அப்பா, "பார்த்து, பார்த்து, பார்த்து" என்பார். அவர் சொல்லச் சொல்ல உன் கால் பிரேக்குக்குத்தான் போகும். ஒருநாள் பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை விடவே இல்லை. அடுத்த நாள் நான் அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். நானும் ஒன்றும் பெரிதாகக் கற்றுக்கொடுக்கவில்லை, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது நாள் ஓடும் வண்டிகளோடு சேர்ந்துவிட்டாய். ரிட்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த பிரேக் காலடிதான் தெரிந்தது. எறியவேண்டிய நொடி போய்விடும், அதற்கப்புறம் எறிவான்.

ஆனாலும் உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். டிசம்பரில் கரோலினாவில், மழையில், 13 மேட்சில் ஒன்றே ஒன்று ஜெயித்திருந்த அணியிடம் 9-7 என்று தோற்றோமே, அங்கே நாலாவது குவார்ட்டரில், கோட்டுக்குப் பக்கத்தில், முன்னணியில் இருக்கும்போது அவன் எறிந்த இன்டர்செப்ஷனுக்கு கோச்சைச் சொல்லமுடியாது. அது அவன் கணக்கு. அன்றைக்கு பீஜானும் 7 தடவை ஓடி 11 கஜம்தான், அதை மட்டும் யாரும் பேசமாட்டார்கள். சீசன் முடிவில் ரிட்டருக்கு 12 டச்டவுன் எறி, 12 இன்டர்செப்ஷன். நாள் கொடு, நாள் கொடு என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், 13 மேட்ச் கொடுத்தார்கள். சும்மா பாசத்தில் பேசியிருக்கிறேன் போல.

சீசன் 7 வெற்றி, 10 தோல்வி என்று முடிந்தது. கடைசி மேட்சில் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் 48 அடித்துவிட்டு, மண்டியிட்டு நேரத்தை முடிப்பதுபோல் நின்று டச்டவுன் போட, ஸ்மித் களத்துக்கு நடுவில் போய் அந்தக் கோச்சிடம் சத்தம் போட்டார். நள்ளிரவு தாண்டியதும் வேலை போனது. எனக்கு அந்த மனிதர்மேல் ஒருநாளும் பெரிய பிரியம் இல்லை, அன்றைக்கு மட்டும் அவர் கோபம் நியாயம் என்று பட்டது.

இப்போது நம் பக்கத்து நிலவரத்தைப் பார். புதுக் கோச் ரஹீம் மாரிஸ். குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸ், நாலு வருஷத்துக்கு 18 கோடி டாலர் ஒப்பந்தம், 36 வயசு, போன அக்டோபரில் குதிகால் தசைநாண் அறுந்தவர். அது போதாதென்று எட்டாவது இடத்தில் பெனிக்ஸ் என்று இன்னொரு குவார்ட்டர்பேக். ஊர் கேட்டதெல்லாம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பீஜானுக்கு 18 தடவை ஓடக் கொடுத்தார்கள், 5 எறியைப் பிடித்தான். 23 தடவை பந்து அவன் கையில், ஊரே ஒரு வருஷம் தொண்டை கிழியக் கத்தியது அதற்குத்தானே? வந்தது 10 புள்ளி. கசின்ஸ் இரண்டு இன்டர்செப்ஷன் கொடுத்தார். நேற்று கிளினிக்கில் பழைய கோஷம் போய்ப் புதுக் கோஷம் வந்துவிட்டது, "பெனிக்ஸைப் போடு". நான் சிரித்துவிட்டேன். எக்ஸ்ரேக்குப் படுத்திருந்தவருக்கு என் சிரிப்பு பிடிக்கவில்லை.

உன் பக்கம் எப்படி இருக்கிறது? ஃபீல்ட்ஸ் தானே ஓடி 57 கஜம் எடுத்தான், பந்தை எதிராளிக்குக் கொடுக்கவில்லை. ஆனால் டச்டவுன் ஏன் வரவில்லை என்று உன் ஆபீஸில் இப்போதே பேச்சு வந்திருக்குமே? ஓட்டக்காரன் நஜீ ஹாரிஸுக்கு இன்னும் கொடு என்று ஒருத்தர், வாரனுக்குக் கொடு என்று ஒருத்தர், இன்னொரு குவார்ட்டர்பேக் வில்சன் கால் சரியானதும் ஃபீல்ட்ஸை உட்கார வை என்று ஒருத்தர். ஆள் மட்டும் அதே ஸ்மித். அவர் ஃபீல்ட்ஸை ஒளித்து வைத்து ஆடவைக்கிறாரா, எறியவிடுகிறாரா என்று நீ பார்த்து எனக்குச் சொல்லவேண்டும். நம் பக்கத்துப் பையன், சிகாகோவில் மூன்று வருஷம் பட்டது போதும்.

அப்புறம், உன் வேலையில் அந்தப் புது மேனேஜர் உன்னிடம் சின்னச் சின்ன வேலையாகவே கொடுக்கிறார், பெரிய விஷயம் வந்தால் தானே எடுத்துக்கொள்கிறார் என்று அப்பாவிடம் சொன்னாயாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கமாட்டேன். ரிட்டரைப் பற்றி இவ்வளவு நேரம் எழுதியதிலேயே தெரிந்திருக்கும். ஒரு பெரிய வேலையை நீயாக வாய்விட்டுக் கேட்டுப் பார்.

பென் ஹில்ஸ் கோயிலுக்கு ஒருநாளாவது போய்வா. சாமிக்கு இல்லாவிட்டாலும் அங்கே கிடைக்கும் புளியோதரைக்காவது போ. குளிர் வருவதற்குள் நல்ல ஷூ வாங்கு, அட்லாண்டா ஷூ அந்த ஊர் மேட்டுக்கும் பனிக்கும் ஆகாது.

வரும் திங்கள் இரவு நாங்கள் பிலடெல்ஃபியாவோடு. நியூயார்க் ஜயன்ட்ஸ் போகவிட்ட சேக்வான் பார்க்லி இப்போது அங்கே ஓடுகிறான். மேட்ச் ஆரம்பிக்கிறதற்கு முன்னாடி கூப்பிடு, பாதியில் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன்.

உன் பீஜான் ஜெர்சி, அந்த 7 போட்டது, அலமாரியில் அப்படியே கிடக்கிறது. கழுத்துப் பக்கம் சாம்பார்க் கறை, எலுமிச்சை போட்டுத் தேய்த்ததில் பாதி போயிருக்கிறது. பார்சலில் வைக்கவா, இல்லை அதற்குள் ஸ்டீலர்ஸின் கறுப்பு மஞ்சள் வாங்கிவிட்டாயா? நாளை மாலை தபால் ஆபீஸ் மூடுவதற்குள் சொல்.

அன்புடன்
அம்மா