பாலி மரேயின் மறுபாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். முப்பது வருடமாக ஆலயப் பாடகர் குழுவில் பாடி வருகிறவன், அந்தச் சபைகளின் பாடல்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம். ஆனால் பாலி மரேயை 'எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது மனதை உறுத்தியது.

1977 ஜனவரியில் அவர் அந்தப் பட்டம் பெற்றது உண்மைதான். அதற்கு ஏறக்குறைய நாற்பது வருடம் முன்பே, தான் ஓர் ஆண் என்று உணர்ந்து, ஆண் ஹார்மோன் கேட்டு மருத்துவர்களிடம் நடையாய் நடந்தவரும் அவர்தான். அவர்கள் மறுத்துவிட்டார்கள். திருநம்பி என்று இன்று நாம் சொல்வதற்கு அன்று அவர் கையில் ஒரு சொல்கூட இல்லை. (நமக்கு 'அவர்' என்ற சொல் இருப்பது எவ்வளவு நல்லது!) அந்த நாட்களின் குறிப்புகளையும் கடிதங்களையும் அவர் கிழித்துப் போடாமல் பத்திரப்படுத்தினார். அவை இன்று ஹார்வர்டில், ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அவருக்குப் பின் வந்தவர்கள் சபைக்குள் நின்றே வாய்விட்டுச் சொன்னார்கள். பிஷப் இவெட் ஃப்ளண்டர் 1991இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சபைக்கு, நம் வேதாகமத்தில் வரும் 'அடைக்கலப்பட்டணம்' என்பதைத்தான் ஆங்கிலத்தில் பெயராக வைத்தார். அந்தச் சபையில் ஊழியம் செய்தவர் பாபி ஜீன் பேக்கர் என்ற கறுப்பினத் திருநங்கை. 'டிரான்ஸ்செயின்ட்ஸ்' என்ற திருநர் ஊழியத்திலும் முன்னால் நின்றவர். 2014 தொடக்கத்தில் கார் விபத்தில் இறந்துபோனார்.

பேக்கர் ஒரு பாடகரும்கூட. 2001இல் அதே நகரில் தொடங்கிய டிரான்சென்டன்ஸ் என்ற காஸ்பல் (கறுப்பினச் சபைகளின் பக்திப் பாடல்) குழுவில் பாடினார். பல இனத்தவர் இருந்த, முழுக்கத் திருநர்களே பாடிய குழு அது. பாடுகிறவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். ஆண் ஹார்மோன் எடுத்தால் குரல் தடித்து இறங்கிவிடும், பழைய சுருதி திரும்பாது. பெண் ஹார்மோனோ குரலை ஏற்றித் தராது. மேல் குரல்களான சோப்ரானோ, ஆல்டோ பெண்களுக்கு, கீழ்க் குரல்களான டெனர், பேஸ் ஆண்களுக்கு என்று நாங்கள் பிரித்து நிற்கிற வரிசை அங்கே செல்லாது. என் பக்கத்தில் ஒரு பெண் நின்று பேஸ் பாடினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். சுருதி சேர்ந்தால் போதும், வேறென்ன வேண்டும்?

2003இல் மினியாபொலிஸில் கூடிய ஐக்கிய கிறிஸ்து சபை என்ற அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் சபையின் மாமன்றம், திருநர்கள் சபையில் பங்கெடுக்கவும் ஊழியம் செய்யவும் ஆதரவாகத் தீர்மானம் போட்டது. டிரான்ஸ்ஃபெய்த் என்ற திருநர் ஆன்மிக அமைப்பின் லூயிஸ் மிட்செல் என்ற கறுப்பினத் திருநம்பி பின்னர் அதே சபையில் குருவானார்.

இதெல்லாம் சபைக்குப் புதிதாக வந்த பழக்கம் என்பார்கள் சிலர். கறுப்பினத் திருச்சபை எப்படிப் பிறந்தது? பிலடெல்பியாவில் ஒரு மெதடிஸ்ட் ஆலயத்தில் முழங்கால் போட்டு ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவரைப் பாதி ஜெபத்தில் வெள்ளையர்கள் பிடித்துத் தூக்கினார்கள். ரிச்சர்ட் ஆலனும் மற்றவர்களும் அவரோடு சேர்ந்து வெளியேறினார்கள். 1816இல் ஆலன் தலைமையில் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை உருவானது. அந்த வழியில் வந்தவர்கள் இன்னொருவரை ஜெபத்திலிருந்து எழுப்பலாமா என்றுதான் இந்தத் திருநர் போதகர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

இவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். அப்போது பாலி மரே வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் நடத்திய முதல் நற்கருணை ஆராதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய பாட்டி கொர்னேலியா அடிமையாக இருந்தபோது ஞானஸ்நானம் பெற்ற ஆலயம் அது. பாட்டியை உடைமையாக வைத்திருந்த குடும்பத்துப் பெண்மணியின் நினைவாக ஒரு வாசிப்பு மேசை அங்கே இருந்தது. மரே அதன்மேல் பாட்டியின் வேதாகமத்தை விரித்து வைத்து வாசித்தார்.

தங்கள் வாசகன்,
பாளையங்கோட்டை