தாளம் தலை எண்ணுவதற்காக

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாஜி வதைமுகாம்களில் யூதக் கைதிகள் வாசித்த இசை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, இசை அவர்களைத் தேற்றியது என்று முடிகிறது. எதற்காக அவர்களை வாசிக்க வைத்தார்கள் என்பது அதில் இல்லை.

ஆஷ்விட்ஸ் முகாமின் ஒரு பகுதியான பிர்கெனாவின் பெண்கள் இசைக்குழு, அங்கிருந்த பெண்கள் முகாமின் எஸ்.எஸ். (முகாம்களை நடத்திய நாஜிப் படை) தலைமைக் காவலர் மரியா மான்டலின் உத்தரவால் 1943இல் தொடங்கியது. காலையில் வேலைக்குப் போகும் அணிகளும் மாலையில் திரும்பும் அணிகளும் வாசலைக் கடக்கும்போது மார்ச் (அணிநடை) மெட்டுகள் வாசிப்பதே அதன் அன்றாட வேலை. ஐந்து ஐந்து பேராக ஒரே அடியில் நடந்தால்தான் காவலரால் வரிசைகளை நிறுத்தாமல் எண்ண முடியும். பசியாலும் பேதியாலும் தள்ளாடுகிறவர் அடி பிசகினால் உடனே கண்ணில் படுவார். மாலையில் அன்று இறந்தவர்களையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும். கணக்கு நேராக வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியும், எஸ்.எஸ். அதிகாரிகள் கேட்டபோதெல்லாம் வாசிப்பதும் இதற்கு மேல்.

1943 ஆகஸ்டில் குழுவின் பொறுப்பேற்ற வயலின் கலைஞர் ஆல்மா ரோசே, இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலரின் தங்கை மகள். அவருக்குக் கிடைத்தவை வயலின், மாண்டலின், கிதார், அக்கார்டியன், புல்லாங்குழல், கொஞ்சம் தாள வாத்தியம். கீழ்ஸ்தாயிக்கு எதுவுமில்லை. மிருதங்கத்தில் கீழ் ஒலி தரும் தொப்பியைத் தொடாமல் வலந்தலையை மட்டும் வைத்து ஒரு கச்சேரி முழுக்க வாசித்தால் எப்படியோ, அப்படி. அனிதா லாஸ்கர் என்ற கைதி வந்த பிறகுதான் கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியமான செல்லோ சேர்ந்தது. பியானோவுக்கு எழுதிய தாள்களிலிருந்தும் ஞாபகத்திலிருந்தும் ஆல்மா இருக்கிற வாத்தியங்களுக்கு ஏற்றபடி பிரித்து எழுதுவார். அதைப் படியெடுப்பதற்கென்றே சில பெண்கள் இருந்தார்கள். பலர் அரைகுறையாகக் கற்ற இளம்பெண்கள். ஒத்திகையில் ஆல்மா காட்டிய கடுமையைக் கட்டுரை கர்வம் என்கிறது. அது அநியாயம். வாசிப்பு மோசமானால் குழு கலையும். கலைந்தால் அவர்கள் போகுமிடம் நச்சுவாயு அறை. அவர்கள் கொட்டடிக்கு மரத்தரையும் அடுப்பும் கிடைத்ததுகூட ஈரத்தில் வாத்தியங்கள் கெடாமலிருக்கத்தான். ஆல்மா 1944 ஏப்ரலில் திடீரென நோயுற்று இறந்தார். குழுவின் யூதப் பெண்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

இன்னொரு திருத்தம். ஆஷ்விட்ஸ் தலைமை முகாமில் 1940–41 குளிர்காலத்தில் உருவான குழு போலந்துக் கைதிகளுடையது. தொடக்கத்தில் யூதர்களை அதில் சேர்க்கவில்லை. பிர்கெனாவ் ஆண்கள் குழுவை நடத்திய யூதர் சைமன் லாக்ஸ், அந்த இசை மற்றக் கைதிகளுக்குத் தெம்பூட்டவில்லை, இன்னும் சோர்வடையவே செய்தது என்று போருக்குப் பின் அழுத்தமாக எழுதினார். வாசித்தவரே சொன்னதை விட்டுவிட்டு ஆறுதல் கதை எழுதுவது சரியல்ல.

இன்றைய செக் நாட்டில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசியன்ஸ்டாட்டையும் கட்டுரை இதோடு குழப்புகிறது. அங்கே கைதிகள் தாங்களாகவே தொடங்கிய இசை இருந்தது. நாஜிகள் அதைப் பிறகு விளம்பரமாக்கிக்கொண்டார்கள்: 1944 ஜூன் 23 அன்று வந்த செஞ்சிலுவைக் குழுவுக்குச் சிறுவர் இசை நாடகமான 'புருண்டிபார்' காட்டப்பட்டது. அது அங்கே 55 தடவை நடந்தது. நடித்த பிள்ளைகள் கொலைமுகாம்களுக்கு ரயிலேற்றப்பட்டதால் வேறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதை இயற்றிய ஹான்ஸ் கிராசா, அங்கே கைதிகளாக இருந்த மற்ற இசையமைப்பாளர்கள் பாவெல் ஹாஸ், விக்டர் உல்மன் ஆகிய மூவரும் 1944 அக்டோபர் 16 ரயிலில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். பிராகில் படித்த இன்னொரு யூத இசையமைப்பாளர் வால்டர் காஃப்மன் 1934இலேயே பம்பாய்க்கு வந்துவிட்டதால் தப்பினார். நம் அகில இந்திய வானொலியின் அடையாள மெட்டு பொதுவாக அவருடையது என்பார்கள்.

ஜனவரி 27, யூத இனப்படுகொலை நினைவு நாளுக்கு நிகழ்ச்சி நடத்தும் சென்னைப் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். முகாம் வாசலில் வாசித்த மார்ச்சுகளை மேடையேற்ற வேண்டாம்; அவை கொலைகாரர்கள் கேட்ட பாட்டு. ஹாஸ் தெரேசியன்ஸ்டாட்டில் எழுதிய தந்தி வாத்தியப் படைப்பு நல்ல தேர்வு. அங்கே அதை நடத்திய காரெல் ஆன்செல் போருக்குப் பின் வாத்தியத் தாள்களைக் கண்டெடுத்தார், டபுள் பாஸ் (மிகக் கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியம்) தாள் தவிர. அந்த வாத்தியத்துக்கு இன்று வாசிப்பது பின்னர் இட்டு நிரப்பிய பகுதி என்பதை நிகழ்ச்சித்தாளில் அச்சிடுங்கள். 'புருண்டிபார்' போட்டால், தெரேசியன்ஸ்டாட்டில் பாடிய பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பாடும் பிள்ளைகளுக்கு ஒத்திகைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மேற்கத்திய இசை ஆசிரியர்கள் சிலர்,
புரசைவாக்கம், சென்னை.