பச்சைக் கதவு பூட்டியிருக்கிறது

பல்கலைக்கழக ஹாம் வானொலிக் கழகத்துத் தம்பி தங்கைகளுக்கு,

மலைக்கு அந்தப் பக்கத்து வெள்ள நிவாரண முகாமிலிருந்து அப்பா நேற்று வீடு வந்து சேர்ந்துவிட்டார். உள்ளறையில் தூங்குகிறார். அவர் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். அந்த ஐந்து நாள் எப்படிப் போனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாடியில் ஆன்டெனா கட்டியவர்கள், கார் பேட்டரியைச் சுமந்து படியேறியவர்கள், முகாம்களில் வாக்கி டாக்கியோடு அலைந்து பெயர் பெயராக எழுதி அனுப்பியவர்கள், சொந்தமாக வானொலியில் பேசிச் செய்தி அனுப்ப அனுமதி தரும் ஹாம் உரிமத் தேர்வுக்கு உங்களைப் பழக்கிய பேராசிரியர், எல்லாருக்கும் நன்றி.

ஆனால் ஒருத்தியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். தங்கை என்றே எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் மாலை அப்பாவின் செய்தி வந்தது. தாளைப் பார்த்து வாசித்தாள்: “நலம். முழங்காலில் சிராய்ப்பு மட்டும். பச்சைக் கதவைப் பூட்டினாயா?” செய்தியோடு வந்த சொல் எண்ணிக்கையோடு ஒப்பிட விரல் வைத்து எண்ணினாள். “ஏழு சொல். சரியா இருக்கு அக்கா.” எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அது என் அப்பாவேதான். வேறு யார் அந்த நேரத்தில் கதவைப் பற்றிக் கேட்பார்கள்?

மருந்துக்கும் படகுக்குமான செய்திகள் வரிசையில் காத்திருந்தன. “இதுக்குப் பதில் வேண்டாம்மா, அவசரமானதை அனுப்புங்க” என்றேன். “கேள்வி கேட்டிருக்காரு அக்கா. பதில் போகணும்” என்றாள்.

அவசரச் செய்திகள் முடிவதற்குள் இருட்டிவிட்டது. 7 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலை பகலில் நேராக மேலே போய், மின்னூட்டம் பெற்ற அயனிகள் நிறைந்த வான அடுக்கில் பட்டு, மலைக்கு அந்தப் பக்கம் இறங்குமாம். அதற்காகத்தான் 20 மீட்டர் ஆன்டெனா கம்பியை அவ்வளவு தாழ்வாகக் கட்டியிருந்தீர்கள். ராத்திரியில் மேலே அயனிகள் குறைந்துவிடுவதால் நேராக மேலே போகும் அலை திரும்புவதில்லை; சாய்வாகப் போவதுதான் தொலைவில் இறங்கும். எங்கோ தூர தேசத்துக் குரல்கள் கேட்கும், பக்கத்து முகாம் கேட்காது. “விடியட்டும் அக்கா” என்றவள் வீட்டுக்குப் போகவில்லை. ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடி மேசையிலேயே தலைசாய்த்தாள்.

வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில், இரைச்சலுக்குள்ளிருந்து முகாமின் குரல் மெல்லத் தெளிந்தது. அன்றைய வரிசை தொடங்கும் முன் என் பதிலை வாசித்தாள். மூன்றே சொல். அந்தப் பக்கம் திருப்பிச் சொன்னார்கள். “சேர்ந்துடுச்சு அக்கா” என்றாள், பதிவேட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டே.

அந்த மூன்று சொல்லும் பென்சிலில் எழுதிய துண்டுத்தாள் அப்பாவின் சட்டைப் பையில் நான்காக மடித்து இருந்தது. அடியில் 73 என்று ஓர் எண். “இது என்னம்மா கணக்கு?” என்று கேட்டார். நல்வாழ்த்து என்பதை ஹாம்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்றேன். தாளைத் திரும்ப மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

கையில் இருந்த பணத்தை நீட்டியபோது நீங்கள் பதறிப் பின்வாங்கினீர்கள். செய்தி அனுப்பக் காசு வாங்குவது ஹாம் வானொலியின் விதிக்கே புறம்பு என்று அப்புறம்தான் புரிந்தது. சரி, வேறு வழியில் வருகிறேன். அடுத்த உரிமத் தேர்வுக்கு நானும் படிக்கத் தொடங்கிவிட்டேன். ராத்திரி முழுக்க உட்கார ஆள் தேவைப்படும்போது என்னையும் கூப்பிடுங்கள்.

எல்லாருக்கும் 73.

உங்கள் அக்கா