போதுமா என்றாயே

அன்பு மகளுக்கு,

ஆண்டவருடைய நாமத்தில் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன்.

போனில் நீ, "எல்லாம் ஒழுங்காத்தாம்மா செய்றேன், போதுமா?" என்றாய். அதற்கப்புறம் இரண்டு வாரமாய்ப் பேச்சில்லை. ஒழுங்காய்ச் செய்கிறாய் என்பது எனக்குத் தெரியாதா? ஆராதனைக்குத் தவறுவதில்லை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை நடத்துகிறாய். சம்பளம் வந்த அன்றே தசமபாகத்தைப் பிரித்து வைக்கிறாய். உன் வயதில் எனக்கும் உன் அப்பாவுக்கும் இதில் பாதி ஒழுங்குகூட இல்லை. நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் 'போதுமா' மட்டும் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

லூக்கா 15-ல் இயேசு சொன்ன கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த தம்பிக்குத் தகப்பன் விருந்து வைக்க, உள்ளே வர மனதில்லாத மூத்த மகன், "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து, ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்" என்கிறான். ஒரு கட்டளையையும் மீறவில்லை என்று அவன் சொன்னதில் பொய் இல்லை, தகப்பனும் அதை மறுக்கவில்லை. ஆனால் 'ஊழியஞ்செய்து' என்கிற இடத்தில் மூலமொழியில் இருப்பது அடிமை செய்யும் வேலைக்குரிய சொல். வீட்டுப் பிள்ளை அடிமையின் கணக்கை வாசிக்கிறான். உழைத்த வருஷங்கள் ஒரு பக்கம், கிடைக்காத ஆட்டுக்குட்டி ஒரு பக்கம். இளையவனுக்காகத் தகப்பன் ஓடினதைத்தான் எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். மூத்தவனுக்காகவும் வெளியே வந்து வருந்தியழைத்தான், 28-ம் வசனம். அதை யார் கவனிக்கிறார்கள்!

நீ அவன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே.

பயத்தால் கீழ்ப்படிவது, கூலிக்காகக் கீழ்ப்படிவது, அன்பினால் கீழ்ப்படிவது மூன்றும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். நன்றாய் நடக்கிற நாளில் வித்தியாசம் தெரியாது. கேட்டது கிடைக்காத நாளில் கூலிக்காரன் கணக்குப் புத்தகத்தை எடுப்பான். தவறிவிட்ட நாளில் பயந்தவன் ஒளிவான். ஆதாம், "பயந்து, ஒளித்துக்கொண்டேன்" என்றானே, அதுதான். பேதுருவைப் பார். இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவன். யோவான் 21-ல், உயிர்த்தெழுந்த இயேசு கரையில் நிற்க, "அவர் கர்த்தர்" என்று கேட்ட உடனே கடலில் குதிக்கிறான். கரை ஏறக்குறைய இருநூறு முழ தூரம். மற்றவர்கள் வலையை இழுத்துக்கொண்டு படவிலே வருகிறார்கள். அவனிடம் இன்னும் யாரும் மறுதலிப்பைப்பற்றிப் பேசவில்லை, "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கவுமில்லை. அதற்கு முன்னாலேயே குதித்தான். ஜெபத்தைத் தவறவிட்ட அன்று, கோபத்தில் ஒருத்தரைக் கடிந்து பேசிவிட்ட அன்று, உன் கால் எந்தப் பக்கம் போகிறதென்று பார். அதற்குமேல் பரீட்சை வேண்டாம். தினமும் உட்கார்ந்து 'எனக்கு அன்பு இருக்கிறதா' என்று நெஞ்சைத் தோண்டிக்கொண்டிருந்தால், கண் உன்மேலேயே இருக்கும், அவர்மேல் இருக்காது.

பயமே கூடாதா என்பாய். கூடும். சபையைச் சீர்திருத்தின மார்ட்டின் லூத்தர் 1529-ல் எழுதின சிறிய ஞானோபதேசத்தில் பத்துக் கற்பனைகளின், அதாவது பத்துக் கட்டளைகளின், விளக்கங்கள் ஒவ்வொன்றும் தேவனுக்குப் பயப்படவும் அன்புகூரவும் வேண்டும் என்றே தொடங்கும். எந்தப் பயம் என்பதற்குச் சங்கீதம் 130:4 இருக்கிறது: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." மன்னிப்பு முதலில், அதிலிருந்து பயம். அடி விழுமே என்று நடுங்குவது வேறு, நேசிக்கிறவரை நோகடித்துவிடுவோமோ என்று கூசுவது வேறு.

இப்போது எபேசு சபைக்கு வருகிறேன், கடிதம் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். வெளிப்படுத்தல் 2-ல் அவர்களுடைய கிரியை, பிரயாசம், பொறுமை எல்லாவற்றையும் ஆண்டவர் மெச்சுகிறார். கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துப் பிடித்த சபை அது. ஒழுங்குக்குக் குறைவில்லை. ஆனால், "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்." மருந்தும் அடுத்த வசனத்திலேயே இருக்கிறது: நினை, மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய். 'அன்பை உணர்' என்று இல்லை, பார்த்தாயா? உணர்ச்சி வரட்டும் என்று கீழ்ப்படிதலை நிறுத்திவைக்காதே. உணர்ச்சி இல்லாமல் செய்தால் மாய்மாலம் என்றும் எண்ணாதே. கெத்செமனேயில் இயேசு "என் சித்தத்தின்படியல்ல" என்றது மனம் குதூகலித்தா?

முதல் சொல் 'நினை'. பவுல் இதே சபைக்கு எழுதின நிருபத்தின் முதல் மூன்று அதிகாரங்களில் கட்டளை என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு, 2-ம் அதிகாரத்தில்: "நினைத்துக்கொள்ளுங்கள்." மற்றதெல்லாம் தேவன் செய்தது. நீங்கள் செய்யுங்கள் என்பது 4-ம் அதிகாரத்திலிருந்துதான் கொட்டுகிறது. பத்துக் கற்பனைகளும் அப்படித்தான். "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின" என்று யாத்திராகமம் 20:2 சொன்ன பிறகே மூன்றாம் வசனம் கட்டளையிடுகிறது. நாம் இரண்டாம் வசனத்தைத் தாண்டிக் குதித்து மனப்பாடம் பண்ணினவர்கள்.

ஆகவே இப்படிச் செய்து பார். தினமும் மூன்று அதிகாரம் ஓட்டுவதை ஒரு மாதத்துக்கு விடு. பத்துப் பதினைந்து வசனம் போதும். அதில் தேவன் செய்தது எது என்று தேடி, முதலில் அதை ஒரு வரியில் எழுது. அதன் பிறகு ஒரே ஒரு கட்டளை. அன்றைக்கு ஒரு மனுஷருக்குச் செய்யக்கூடிய அளவு சின்னதாய் இருக்கட்டும். பெரியதாய் எடுத்தால் மூன்றாம் நாள் விட்டுவிடுவாய், பிறகு அதற்கொரு குற்றவுணர்ச்சி, பழைய கணக்குப் புத்தகம் திரும்பி வரும். வாரத்துக்கு ஒன்று யாருக்குமே தெரியாமல் செய். என்னிடமும் சொல்லாதே. சொல்ல முடியாத கீழ்ப்படிதலில் கூலி ஒட்டாது. முதலில் நினை, பிறகு செய்.

சிறுவயதிலிருந்து சபையில் வளர்ந்த உனக்கு ஒரு கஷ்டம் உண்டு. 'எனக்கு அவ்வளவு மன்னிக்க என்ன இருக்கிறது' என்று தோன்றும். லூக்கா 7-ல் ஒருவனுக்கு ஐந்நூறு வெள்ளிக்காசு கடன், மற்றவனுக்கு ஐம்பது. ஒரு வெள்ளிக்காசு ஒரு நாள் கூலி என்றால் ஐம்பது என்பது ஐம்பது நாள் உழைப்பு. பத்தில் ஒரு பங்குதானே என்று ஐம்பதுக்காரன் நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் தீர்க்க இருவருக்கும் நிர்வாகமில்லை, வழியில்லை, என்கிறது வசனம். இருவருக்கும். அங்கே நின்று கொஞ்ச நேரம் யோசி. முதலில் நினை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

இவ்வளவும் எழுதிவிட்டு உன்னைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. ஆராதனைக்குப் போனாயா, வேதம் வாசித்தாயா, காணிக்கை கொடுத்தாயா என்ற மூன்று கேள்விக்குமேல் நான் உன்னிடம் கேட்டதில்லை. நீ சின்னப் பிள்ளையாய் இருந்தபோது "ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று மிரட்டத்தான் சொன்னேன். எஜமானியைவிட்டு ஓடிப்போன அடிமைப்பெண் ஆகாரைப் பார்த்ததும் அதே கண்தான், வனாந்தரத்தில் தனியாய் நின்றவளைத் தேடி வந்து பார்த்த கண். அதை நான் உனக்குச் சொல்லித்தரவில்லை. கேள்வித்தாளை எழுதினவள் நான். நீ பதில் எழுதி, 'போதுமா' என்றாய். அந்தக் கேள்வி எனக்குத்தான்.

சனிக்கிழமை கூப்பிடு. போனாயா என்று கேட்கமாட்டேன். பழக்கத்தில் கேட்டுவிட்டால், பதில் சொல்லாதே.

உன் அம்மா