எந்த ஆணையில் தடை?

ஆசிரியருக்கு,

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ பற்றி எழுதும்போதெல்லாம் நாளிதழ்கள் ‘தடை செய்யப்பட்ட நாவல்’ என்ற அடைமொழியைச் சேர்த்துவிடுகின்றன. அந்த நாவலை எந்த அரசும் தடை செய்யவில்லை. நாவலுக்கு எதிர்ப்பு கிளம்பியதால், 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் பெருமாள்முருகனிடம் நிபந்தனையற்ற மன்னிப்பும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறும் உறுதியும் எழுதி வாங்கினார்கள். அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ‘தடை நீங்கியது’ என்று எழுதுவதும் பிழைதான். இல்லாத தடை எப்படி நீங்கும்?

உண்மையான தடைக்கு நடைமுறை உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 98. மாநில அரசு காரணங்களைக் குறிப்பிட்டு அரசிதழில் அறிவிக்க வேண்டும். காரணம் சொல்லாத ஆணை செல்லாது என 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறிவிப்பு வந்துவிட்டால் நாட்டின் எந்த மூலையிலும் போலீஸார் பிரதிகளைக் கைப்பற்றலாம். ஆனால் கடைக்குள் புகுந்து சோதனை போட மாஜிஸ்திரேட்டின் வாரன்ட் தேவை. நூலாசிரியரோ பதிப்பாளரோ இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு விசாரிக்கும். ஆட்சியர் அலுவலக மேசையில் வாங்கும் கையெழுத்துக்கு இந்தப் பாதுகாப்பு ஒன்றுகூடக் கிடையாது. ‘தடை’ என்று எழுதும்போது மறைந்துபோவது இந்த வேறுபாடுதான்.

புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ அரசே தடை செய்த நூல்: 1948-இல் விதித்தது, 1971-இல்தான் நீங்கியது. வெளிநாட்டுப் புத்தகம் என்றால் சுங்கச் சட்டம் வரும். ருஷ்டியின் ‘சாத்தானிக் வெர்சஸ்’ இறக்குமதியை 1988-இல் தடுத்தது சுங்க அறிவிக்கைதான். 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அந்த அறிவிக்கையின் நகலை எந்தத் துறையாலும் காட்ட முடியவில்லை. அப்படியொன்று இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்று சொல்லி நீதிமன்றம் வழக்கை முடித்தது. முப்பத்தாறு வருடம் கழித்து அந்தக் காகிதமே கிடைக்கவில்லை!

செய்தியாளர்கள் மூன்றைக் கேட்டு எழுதினால் போதும்: ஆணை எண், தேதி, சட்டப்பிரிவு. மூன்றும் கிடைக்காவிட்டால் ‘திரும்பப் பெறப்பட்டது’, ‘மிரட்டலால் விற்பனை நின்றது’ என்று நடந்ததை நடந்தபடி போடலாம். ‘தடை’ என்று அச்சில் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று நூலகர் புத்தகத்தை அடுக்கிலிருந்து எடுத்துவிட்டால், அதை எதிர்த்து வழக்குப் போட ஓர் ஆணை இருக்காது.

வாசகர், ஈரோடு