அக்கா, ஹைட் பார்க்குக்கு ஒரு முழு நாள் ஒதுக்கி வை

அன்புள்ள அக்கா,

அக்டோபரில் வரும்போது எங்கே போகலாம் என்று கேட்டிருந்தாய். வாட்ஸப்பில் பதில் போட்டால் நாலு நாளில் எங்கோ மேலே போய்விடும், அதனால் இங்கேயே எழுதுகிறேன்; உன்னைப் போல ஊரிலிருந்து வருகிற வேறு யாருக்காவது உதவட்டும். நயாகராவும் வாஷிங்டனும் நீ போன தடவையே பார்த்தாச்சு. இந்தத் தடவை ஹைட் பார்க். நியூ யார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர், நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். தேசியப் பூங்காத் துறை பராமரிக்கும் வரலாற்று வீடுகள் சில மைல் தூரத்துக்குள்ளேயே அடுத்தடுத்து இருக்கின்றன. பழைய வீட்டு நாற்காலியையும் கட்டிலையும் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா என்று அத்தான் கேட்பார், தெரியும். அவரையும் கூட்டிக்கொண்டு வா. அந்த நாற்காலிகளைத்தான் பார்க்க வேண்டும்.

போகிற வழியே நன்றாக இருக்கும். டகோனிக் பார்க்வேயில் லாரிகளுக்கு அனுமதி இல்லை. குறுகலான சாலை, கல் பதித்த பாலங்கள், இரண்டு பக்கமும் மரம். அக்டோபரில் இலையெல்லாம் சிவந்து கிடக்கும். 1925இல் அந்த வட்டாரப் பூங்கா ஆணையத்தின் தலைவராக இருந்தவர், பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அந்தச் சாலைக்குத் திட்டம் போட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் போட்ட சாலையில் போய் அவர் வீட்டைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்.

முதலில் அவர் வீடான ஸ்பிரிங்வுட் போய்விடலாம். 1882இல் அவர் பிறந்ததும் அங்கேதான், 1945இல் அடக்கம் செய்ததும் அங்கேதான். இஷ்டத்துக்கு உள்ளே சுற்ற முடியாது. அகலத் தொப்பி வைத்த பூங்காத் துறை ரேஞ்சர் ஒருவர் கூட்டிக்கொண்டு போய் அறை அறையாகக் காட்டுவார். நுழைந்ததும் கண்ணாடி அலமாரியில், சிறுவனாக இருந்தபோது அவர் சுட்டுப் பாடம் செய்த பறவைகள் வரிசையாக இருக்கும். அதைத் தாண்டி உள்ளே போனால், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஒரு பொருள் அவருடைய சக்கர நாற்காலி. 1921இல், 39 வயதில், போலியோ வந்து இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் பார்க்கிற மாதிரி கனமான சக்கர நாற்காலி இல்லை இது. கைப்பிடி இல்லாத சாதாரண மர நாற்காலி, அடியில் சக்கரம், அவ்வளவுதான். பழைய வீட்டின் குறுகலான கதவுகளில் நுழைய வேண்டுமே! மாடிக்குப் போக, பெட்டி படுக்கை ஏற்றுவதற்கென்று வைத்திருந்த சின்ன லிஃப்ட். அதற்கு மோட்டார் கிடையாது. அதற்குள் உட்கார்ந்து, கயிற்றைக் கையால் இழுத்து இழுத்து, தன் உடம்பைத் தானே மேலே ஏற்றிக்கொள்வாராம். தீப்பிடித்தால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. கரண்டில் ஓடுகிற லிஃப்ட்டை விடக் கயிறே நம்பகமானது என்று நினைத்தார். நாலு தடவை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மனிதர், அக்கா. அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டு வந்து எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

ஆனால் உன்னைக் கட்டாயம் வா என்று நான் கூப்பிடுவது அவருக்காக இல்லை. அவருடைய மனைவி எலினோருக்காக.

ஸ்பிரிங்வுட் எலினோருடைய மாமியார் சாராவின் வீடு. 1941இல் சாரா இறக்கும்வரை எல்லாம் சாரா வைத்ததுதான் சட்டம். சாப்பாட்டு மேசையின் ஒரு தலைமாட்டில் மகன், மறு தலைமாட்டில் அம்மா. மருமகள் நடுவில் எங்கேயோ. மாடியில் போய்ப் பார், ஃபிராங்க்ளின் அறை விசாலமானது, ஜன்னல் வழியே ஆறு தெரியும். சாராவின் அறையும் பெரியது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒடுக்கமாக ஒரு அறை, அதுதான் எலினோர் படுத்தது. ரேஞ்சர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார், நீ அந்த வாசலில் கொஞ்சம் நின்று உள்ளே பார். 1908இல் நியூ யார்க் நகரத்தில் மகனுக்கும் தனக்குமாகச் சாரா ஒட்டி ஒட்டி இரண்டு வீடு கட்டினார். இரண்டுக்கும் நடுவே போய்வரக் கதவுகள். மாமியார் எந்த நேரத்தில் எந்தக் கதவு வழியாக வருவார் என்றே தெரியாது. பீரோ சாவி ஆச்சி இடுப்பை விட்டு இறங்கவே இறங்காது என்று அம்மா சொல்வாளே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அதற்காகச் சாராவை வில்லியாக்கவும் மனசு வரவில்லை. மகனுடைய குடும்பச் செலவுக்குப் பெருமளவு பணம் கொடுத்தவர் அவர்தான், பேரப்பிள்ளைகளையும் கொண்டாடி வளர்த்திருக்கிறார். போலியோ வந்தபிறகு மகன் அரசியலை விட்டுவிட்டு ஊரோடு ஓய்வாக இருந்தால் போதும் என்று சாரா நினைத்தார். கூடாது, திரும்பப் பொதுவாழ்க்கைக்கு வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது எலினோர். அந்த வீட்டில் அவருக்கென்று சொந்தமாக ஒரு மூலைகூட இல்லாத காலத்தில் நின்ற நிற்பு அது. நாற்பது வருஷத்துக்கு மேலாக அங்கே தான் வெறும் விருந்தாளிதான் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

மதியம் வேண்டர்பில்ட் என்ற கோடீஸ்வரரின் மாளிகைப் பக்கம் போய் ஆற்றோரப் புல்வெளியில் சாப்பிடலாம், புளியோதரை கட்டிக்கொள்கிறேன். 54 அறைகள், 1890களில் கட்டியது. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், அதுவும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வந்து கொஞ்ச நாள் தங்க. பணம் எவ்வளவு இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம், எனக்கு அதைத் தாண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. நேரம் குறைவாக இருந்தால் உள்ளே போகாமல் தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம். பலர் செய்வது நேர் எதிராக: மாளிகையை முழுசாகப் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று எலினோரின் சொந்த வீடான வால்கில்லை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து நாம் அப்படிச் செய்ய வேண்டாம்.

வால்கில் இரண்டு மைல் உள்ளே தள்ளி, மரங்களுக்கு நடுவே, ஒரு ஓடையை ஒட்டி இருக்கிறது. 1920களில் எலினோரும் அவருடைய தோழிகள் நான்சி குக், மேரியன் டிக்கர்மன் இருவரும் சேர்ந்து அங்கே ஒரு கல் வீடு கட்டினார்கள். குளிர்காலத்துக்குப் பெரிய வீட்டைச் சாரா பூட்டிவிடுவார், அப்புறம் இங்கே எப்படி வந்து தங்குவது என்று ஒரு பிக்னிக்கில் பேச்சு வந்திருக்கிறது. நீங்களே ஓடைக்கரையில் ஒரு வீடு கட்டிக்கொள்ளுங்களேன் என்று தன் நிலத்தைக் கொடுத்தது ஃபிராங்க்ளின்தான். பக்கத்திலேயே ஒரு பட்டறையும் வைத்தார்கள். விவசாயம் படுத்துக்கிடந்த காலம், ஊர்ப் பையன்களுக்குக் கைத்தொழில் கிடைக்கட்டும் என்று மேசை, நாற்காலி, ஈயப் பாத்திரமெல்லாம் செய்து விற்றார்கள். 1936இல் பட்டறை மூடப்பட்டது. அந்தக் கட்டடத்தையே எலினோர் தன் வீடாக மாற்றிக்கொண்டார். அப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

உள்ளே ஆடம்பரம் என்று ஒன்றும் இருக்காது. பைன் மரப்பலகை அடித்த சுவர், அதில் இடைவெளியே இல்லாமல் ஃபோட்டோக்கள். ஒன்றோடொன்று சேராத நாற்காலிகள், வருகிறவர் உட்கார வசதியாக இருந்தால் போதும் என்று போட்டவை. 1949இல் நேரு இந்த வீட்டுக்கு வந்திருக்கிறார். 1960 ஆகஸ்டில், தேர்தலில் எலினோரின் ஆதரவு கேட்டு, கென்னடி வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த வில்ட்விக் பள்ளியின் பையன்கள், வாழ்க்கையில் ரொம்ப அடிபட்ட ஏழைப் பிள்ளைகள், வருஷா வருஷம் கோடையில் பிக்னிக்குக்கு வருவார்கள். அவர்களுக்கு எலினோர் உட்கார்ந்து கதை வாசித்துக் காட்டுவாராம். ஐ.நா.வின் மனித உரிமைக் குழுவுக்குத் தலைமை ஏற்று, நம் ஹன்சா மேத்தாவும் உறுப்பினராக இருந்த அந்தக் குழுவை நடத்தி, 1948 டிசம்பர் 10 அன்று உலக மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற வைத்த பெண்மணி, வேலை முடிந்து திரும்பி வந்தது இந்த வீட்டுக்குத்தான். ஸ்பிரிங்வுட்டின் அந்த நடு அறையைக் காலையில் பார்த்துவிட்டு மாலையில் இங்கே வந்து நின்றால்தான் இந்த வீட்டின் அருமை தெரியும், அதனால் வரிசையை மாற்ற வேண்டாம் என்று சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1962இல் அவர் இறந்தபிறகு இந்த வீடு கிட்டத்தட்டக் கைநழுவிப் போனது. சாமான்கள் ஏலத்தில் போயின, வீடு கைமாறி வாடகைக்கு விடப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் விடாமல் போராடியதால்தான் 1977இல் சட்டம் போட்டுத் தேசிய வரலாற்றுத் தலமாக ஆக்கினார்கள். ஸ்பிரிங்வுட் அதற்கு முப்பது வருஷம் முன்பே, 1946இலேயே, மக்களுக்குத் திறந்தாயிற்று. இந்த வித்தியாசம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சரி, இப்போது ஏற்பாடு. டிக்கெட்டை ஸ்பிரிங்வுட் பக்கத்தில் வாலஸ் வரவேற்பு மையத்தில் வாங்க வேண்டும். வால்கில் எல்லா நாளும் திறந்திருக்காது, தேதி முடிவானதும் நான் பார்த்து வைக்கிறேன். அதே வளாகத்தில் ரூஸ்வெல்ட் நூலகமும் இருக்கிறது, அங்கே ஃபிராங்க்ளின் ஓட்டிய 1936 ஃபோர்டு கார் நிற்கிறது. காலைப் பயன்படுத்தாமல் கையாலேயே எல்லாவற்றையும் இயக்குகிற மாதிரி மாற்றி அமைத்தது. அத்தானை அங்கிருந்து நகர்த்துவது கஷ்டம். மறு நாளும் தங்க முடிந்தால் பக்கத்து ஊர் பொக்கிப்சியில் ஹட்சனுக்கு மேலே பழைய ரயில் பாலத்தில் நடக்கலாம், 2009இலிருந்து அது நடைபாலம். காலையில் ஏழு மணிக்கே கிளம்பிவிட வேண்டும், குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்.

அன்புடன்,
உன் தங்கை