மதினிக்கு, அந்தச் சீட்டைப் பற்றி

அன்புள்ள மதினி,

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கிராம செவிலியர் கொடுத்த சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் செருகி வைத்துவிட்டு, "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்குப் போகணும்"னு கேட்டீர்களாம், அண்ணன் சொன்னது. ஒன்றும் இல்லாதபோது பார்ப்பதற்குத்தான் மதினி இந்தப் பரிசோதனையே. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. எச்.பி.வி. என்கிற வைரஸ் உடம்பை விட்டுப் போகாமல் தங்கிவிட்டால், பத்துப் பதினைந்து வருஷம் எந்த வலியும் இல்லாமல் உள்ளே மாற்றம் நடந்துகொண்டே இருக்கும். அதைப் புற்றுநோயாவதற்கு முன்பே பிடித்துவிடலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சே என்றும் சொன்னீர்களாம். அது கருக்குழாயில் செய்வது, கர்ப்பப்பை வாய் அப்படியேதான் இருக்கிறது.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரியாததுதான் பாதி பயம். படுக்கச் சொல்லி, கருவி வைத்து, வினிகரில் இருக்கிற அதே அமிலத்தைத் தண்ணீராகக் கலந்து பஞ்சில் தொட்டு வைப்பார்கள். ஒரு நிமிஷம் பொறுத்து, வெள்ளையாகத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். கொஞ்சம் கூச்சமும் அசௌகரியமும் இருக்கும், அவ்வளவுதான். திட்டு தெரிந்தாலும் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு முறை பார்க்கச் சொல்வார்கள்.

இந்த முறையைச் சோதித்துக் காட்டியதே நம்ம திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்களை வைத்துத்தான், தெரியுமா? 2000-ல் தொடங்கி நம்மூர்ப் பக்கத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் செய்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்த நோயால் இறந்தவர்கள் மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு என்று 2007-ல் முடிவு வந்தது. அப்படியிருந்தும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இந்தியா முழுக்கப் பார்த்தால் இரண்டு பேர்கூட இல்லை.

பெண்களுக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். ஒரு நாள் கூலி போகும், மாமியார் கேட்பார், ஆம்பிளை டாக்டர் இருப்பாரோ என்ற பயம், பாதி மூடாத திரைக்குப் பின்னால் படுக்க வைக்கிற முகாம்கள். அதோடு தாம்பத்ய உறவில் பரவுகிற வைரஸ் என்று கேட்டதும் "நான் என்ன தப்பு பண்ணினேன்" என்று மனசு சுருங்கிவிடுகிறது. ஒரு தப்பும் இல்லை மதினி. கல்யாணமாகி ஒருத்தரோடு மட்டும் வாழ்ந்தவருக்கும் வரக்கூடிய சாதாரணத் தொற்று அது, பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே போய்விடும்.

போனதும் "நர்ஸம்மா பார்ப்பாங்களா, கதவைச் சாத்திடுவீங்களா" என்று தாராளமாகக் கேளுங்கள். மாதவிலக்கு நாட்களில் மட்டும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. அம்மாவிடம் நான் பேசிவிட்டேன், அன்றைக்குச் சமையல் அவர் பார்த்துக்கொள்வார். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே சீட்டு வந்திருக்கிறதாம், நீங்கள் கூப்பிட்டால் அவரும் வருவார். எந்தக் கிழமை தோது என்று போன் பண்ணுங்கள், நானும் லீவு போட்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்